கடற்கரையில் நீட்டிய பாவு

என் அண்ணன் பொய் எழுதியிருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, நல்ல நெசவாளன் என்று அவனுக்குப் பாராட்டு விழா. அதற்காக ஒரு மலர் அச்சடித்திருக்கிறார்கள். பளபளப்பான தாள். பதினோராம் பக்கத்தில் அவன் படம், படத்துக்குக் கீழே அந்தப் பொய். நம் தெருவில் என்னோடு பாண்டி ஆடியவர்கள், குழாயடியில் என்னோடு குடத்துக்குக் குடம் இடித்துச் சண்டை போட்டவர்கள், உங்கள் எல்லோர் வீட்டுக்கும் அது வந்திருக்கும். வாசித்துவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும், ஐம்பது வருஷத்துக்கு மேலாக நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அவன் எழுதியிருப்பது இது: "சிறுவயதில் குடும்பத்தோடு படகில் மரக்காணம் போனோம். வழியில் ஒரு கடற்கரையில் பெரியப்பா பாவு நீட்டினார். கயிற்றைப் பிடித்திருந்த என் தங்கை கடலைப் பார்த்த மயக்கத்தில் அதை விட்டுவிட்டாள். பாவு மணலில் விழுந்து பாழானது. அதன் பிறகுதான் தறியில் உட்காரும் வாய்ப்பு எனக்கு வந்தது. எல்லாம் அந்தக் கடற்கரை தந்த வரம்."

வரமாம்.

நான் ஐயம்பேட்டையில் மாவு மில் நடத்தியவள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே என் காலம் போயிற்று. மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அழகாக எழுதவும் வராது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

பாவு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். புடவையின் நீளவாக்கில் ஓடும் நூல் மொத்தமும் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, விறைப்பாகக் காயவைப்பார்கள். விடியற்காலையில் நம் தெருவில் நடக்க வழி இருக்காது. சிவப்பும் பச்சையுமாகப் பாவு நீண்டு கிடக்கும். நாம் அதற்கு அடியில் குனிந்து குனிந்து பள்ளிக்கூடம் போவோம்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. வீட்டில் இரண்டு தறி. ஒன்று பெரியப்பாவுடையது, இன்னொன்று அப்பாவுடையது. அப்பா கோர்வைப் புடவை நெய்பவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற அந்தப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரைக்கான நூலைச் சுமந்து ஓடும் மரக்கட்டையை, அதாவது நாடாவை, வாங்கி வாங்கித் திருப்பி எறிய வேண்டும். அந்த இடத்தில் அண்ணன் ஆறு மாதம் உட்கார்ந்தான். தூங்கி விழுவான். குறுக்கே ஓடும் நூலான ஊடையைத் தளர விடுவான். அவன் உட்கார்ந்து நெய்த ஒரு புடவையின் கரை பாம்பு போனதுபோல் இருந்தது.

தைப் பொங்கல் முடிந்த வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மரக்காணம் போய்ட்டு வந்ததும் நீ குந்திக்கோமா. அவனுக்குப் பொறுமை இல்ல. உனக்குக் கை நல்லா இருக்குது."

சொல்லிவிட்டு ஒரு பழைய நாடாவை என் கையில் கொடுத்தார். மரத்தில் செய்தது. பல பேர் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. பழகிக்கொள்ளச் சொன்னார். நான் அதைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். தூங்கும்போதுகூட எடுக்கவில்லை.

"பொட்டப் புள்ள குந்தினா கரை கோணிக்கும்" என்றான் அண்ணன்.

"நீ குந்தினாலே கோணிக்கினுதான் இருக்குது" என்றேன்.

அவன் என் சடையைப் பிடித்து இழுத்தான். நான் நாடாவாலேயே அவன் முழங்காலில் ஒன்று வைத்தேன். இதையும் மலரில் எழுதியிருக்கலாம்.

மரக்காணத்தில் எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்கு உப்பளத்தில் கணக்குப் பிள்ளை வேலை. அத்தைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து தொட்டில் போட அழைப்பு வந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாவு நீட்ட இடம் இல்லை. தறி சும்மா கிடக்கும்போதுதான் நெய்கிறவன் ஊருக்குப் போவான். பெரியப்பா, அப்பா, அம்மா, அண்ணன், நான், ஐந்து பேரும் கிளம்பினோம். பெரியம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

மரக்காணத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்கு உப்புப் படகு போகும். திரும்பும்போது காலியாக வரும். அதில் ஒரு படகை மாமா எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்தார். மாமல்லபுரத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத எங்களுக்கு, பாய் கட்டிய படகு.

இந்த இடத்தில் என் கோபம் கொஞ்சம் நிற்கிறது. என்ன செய்வது. அந்தப் படகை நினைத்தால் இந்த வயதிலும் எழுந்து நின்று கத்தத் தோன்றுகிறது.

செங்கல்பட்டு வழியாக இரண்டு பஸ் மாறி, மாமல்லபுரத்துக்கு மேற்கே கால்வாய்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கருப்பாக, நீளமாகக் கிடந்தது படகு. தார் பூசிய பலகை. உள்ளே எட்டிப் பார்த்தால் இடுக்கெல்லாம் உப்பு.

"ஏறுமா, ஏறு" என்றார் படகுக்காரர். ஒல்லியான மனிதர், முதுகு முழுவதும் வெயில் சுட்ட கருப்பு. "குந்தினா பாவாடைல உப்பு ஒட்டும். வூட்டுக்குப் போயி உதறு, ஒரு நாள் கொழம்புக்கு ஆவும்."

முதலில் பாய் ஏற்றவில்லை. படகுக்காரரின் மைத்துனர் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டே நடந்தார். ஒரு மனிதன் நடக்க, பின்னால் ஒரு வீடே நகர்ந்து வருவதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. சவுக்கின் சத்தமும் தண்ணீரின் சத்தமும் ஒன்றாகவே கேட்டன. நண்டு வளை, வெள்ளை வெள்ளையாக நாரை, கரையில் ஒரு எருமை. எல்லாவற்றையும் விரல் நீட்டி நீட்டிக் காட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எனக்கு முன்பே பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தான் அண்ணன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து காற்று வந்தது.

"பாய் ஏத்தப் போறேன். தலையக் குனிஞ்சிக்கோங்க" என்றார் படகுக்காரர்.

பாய் மேலே ஏறியது. கோதுமைச் சாக்கும் பழைய துணியும் ஒட்டுப் போட்டுத் தைத்த பாய். முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒரே மூச்சில் வயிறு பிதுங்கி நின்றது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது. கரையில் இருந்த மைத்துனர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்து தாவி ஏறினார். அந்தத் தாவலைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அவள் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, "இன்னும் வேகமாப் போவாதா?" என்று கேட்டாள்.

அப்பா பாயின் ஓரத்தைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். எங்கே போனாலும் துணியைத் தேய்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

"இத நெய்ஞ்சவன் ஊடைய அடிக்கவே இல்லபா. சல்லடை மாதிரி இருக்குது."

"போற காத்து போவட்டும்பா" என்றார் படகுக்காரர். "மீந்தது போதும் நமக்கு."

பெரியப்பா வெயிலுக்காகக் குடையை விரித்தார். காற்று குடையைப் பிடுங்கியது. அவர் விடவில்லை. குடையோடு எழுந்து நின்று இரண்டடி தடுமாறிப் போய் அப்பாவின் மேல் விழுந்தார்.

"அய்யா, நீங்க அப்படியே நில்லுங்கபா" என்றார் படகுக்காரர். "பாய இறக்கிடறேன். உங்க குடையே மரக்காணம் கொண்டுபோய் வுட்டுடும்."

எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர் அவர். தெருவில் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் காலடியில் வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. தொட்டிலுக்கான சீர் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் படகின் நடுவில் உட்கார்ந்து நாடாவை வலது கையிலிருந்து இடது கைக்கு எறிந்து பழகினேன். படகு சாயும்போது பிடிப்பது கஷ்டம். பிடித்தேன். நூறு தடவை எறிந்திருப்பேன், ஒன்றுகூடக் கீழே விழவில்லை. கையில் பிடிப்பு இல்லாதவள் என்று பிறகு பெயர் வாங்கினவள் நான்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் சதுரங்கப்பட்டினத்தில் படகைக் கட்டினார்கள். கடற்கரையில் படகுக்காரரின் சொந்தக்காரர் வீடு. அங்கே தங்கி மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. வீட்டுக்குப் போகும் முன்பே நானும் அண்ணனும் மணல்மேட்டில் ஏறி ஓடினோம்.

மேட்டின் உச்சியில் நின்றதும் கடல் முழுவதும் ஒரே தடவையில் தெரிந்தது. இவ்வளவு தண்ணீரைப் பூட்டு இல்லாமல், காவல் இல்லாமல் விட்டு வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். நம் குழாயடியில் அரைக் குடத்துக்கு அடித்துக்கொண்ட எனக்கு வேறு என்ன தோன்றும். இறங்கி ஓடி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை போனேன். அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணல் ஓடுவது, அப்பப்பா. அண்ணன் முதல் அலைக்கே அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான். கடலைப் பார்த்து மயங்கியவள் நான் என்று எழுதியிருக்கிறான். மயங்கினேன். அது முந்தின நாள் சாயங்காலம். கயிறு என் கைக்கு வந்தது மறுநாள் காலையில்.

காலையில் எழுந்தபோது பெரியப்பா கரையில் நீளமாக அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். திரும்பினார், மறுபடி நடந்தார். அளக்கிறார் என்று புரிந்தது. அவர் முகத்தில் நேற்றைய குடைக் கோபம் இல்லை. ஒரு பிள்ளை முகம் இருந்தது.

"பாத்தியாடா தம்பி" என்றார் அப்பாவிடம். "கோணல் இல்ல, மாட்டு வண்டி இல்ல, ஆடு இல்ல. எவன் வூட்டு வாசலுக்கும் பர்மிசன் கேக்க வேணாம். நம்ம தெரு இப்படி இருந்தா எத்தினி பாவு போடலாம்."

வேட்டி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அரக்கு நிறத்தில் பட்டுப் பாவு, சுருட்டி வைத்தது. தெருவைத் தோண்டிவிட்டார்களே, போகிற ஊரில் எங்காவது இடம் கிடைத்தால் போட்டுவிடலாம் என்று கையோடு கொண்டுவந்திருந்தார். வெறும் கையோடு நாலு நாள் இருக்க அவரால் முடியாது.

"ஈரக் காத்துண்ணா" என்றார் அப்பா, தயங்கி.

"வெயிலு வருது பாரு."

படகுக்காரரும் சொன்னார். "அய்யா, இங்க கொடில போட்ட துணியே ரெண்டு நாளு காயாது. உப்புக் காத்துபா. மணல் வேற ஏறும்."

"நீ உப்பு ஏத்தறவன்" என்றார் பெரியப்பா. "பட்டப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அம்மா, எங்களுக்குச் சமைக்கக் கொண்டுவந்த ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்தாள். "புள்ளைங்களுக்குக் கஞ்சி இல்ல, பாவுக்குக் கஞ்சி" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் வடிகட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாவின் ஒரு முனையைக் கரையில் கிடந்த கட்டுமரத்தில் கட்டினார்கள். நடுவில் படகின் மூங்கில் கழிகளைக் கவட்டையாக நட்டுத் தாங்கல் கொடுத்தார்கள். மறுமுனையின் கயிற்றைக் கட்ட முளை அடித்தார் பெரியப்பா. இழுத்ததும் முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று அடித்தார், அதுவும் வந்தது. நம் தெருவின் கெட்டி மண்ணில் முளை அடித்துப் பழகியவருக்கு மணல் பிடிக்காது என்று தோன்றவே இல்லை.

"புள்ளைங்கள குந்த வை" என்றார். "ரெண்டும் சேந்து இழுத்துப் புடிக்கட்டும்."

மணலில் ஒரு குழி தோண்டி, நானும் அண்ணனும் அதில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாவு நீட்டும் வேலையில் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டார்கள். பெரியப்பாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் நின்று கஞ்சியைத் தடவிக்கொண்டே போனார்கள். வெயில் ஏறியது. அந்த நீலக் கடலுக்குப் பக்கத்தில் அரக்குப் பாவு நீண்டு கிடந்த அழகை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். "இது இன்னா வலைபா?" என்று ஒருத்தி கேட்டாள். "இதுல மாட்டினா பொம்பளைங்க யாரும் தப்ப முடியாதுமா" என்றார் படகுக்காரர்.

பிறகு காற்று எழுந்தது.

பாவு மினுமினுக்க ஆரம்பித்தது. ஜரிகை இழை ஓடுவதுபோல அங்கங்கே பொன்னாகத் தெரிந்தது. "பளபளன்னு இருக்குது" என்று நான் கத்தினேன். அப்பா பாவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். பெரியப்பாவிடம் காட்டினார். மணல். ஈரக் கஞ்சியில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது, முனையிலிருந்து முனை வரை.

பெரியப்பா தன் விரலாலும் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "காஞ்சா உதிர்ந்துடும்" என்றார். எங்களைப் பார்த்து, "இன்னும் நல்லா இறுக்கிப் புடிங்க" என்றார். இருவரும் கட்டுமரப் பக்கம் போய்க் குனிந்து இழைகளைத் தட்டத் தொடங்கினார்கள்.

இதை நன்றாகக் கேளுங்கள். பாவு அப்போதே போய்விட்டது. நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் கொஞ்ச தூரத்தில் கரைவலை வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் குரல் கொடுத்துக்கொண்டு இழுத்தார்கள். வலைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல மீன் துள்ளியது.

"பாத்துட்டு வந்துடறேன், புடிச்சிக்கோ" என்றான் அண்ணன்.

"போவாதடா. ஒண்டியா என்னால முடியாது."

"ரெண்டு நிமிசம்."

அவன் போய்விட்டான். நான் கயிற்றை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். காற்று பாவைத் தூக்கி இழுத்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது, சுற்று இறுகியது, நான் குழியிலிருந்து குப்புற வெளியே வந்தேன். மணலில் வயிறு தேய என்னை இழுத்துக்கொண்டு போனது. கழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. பாவு தரையில் படுத்தது. நான் விடவில்லை.

பெரியப்பா ஓடி வந்தார். "யாருடா வுட்டது?"

அண்ணனும் ஓடி வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "அவதான். கடலப் பாத்துக்கினே வுட்டுட்டா."

என் வாய் நிறைய மணல். துப்பிக்கொண்டிருந்தேன். துப்பி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரியப்பா என் முதுகில் ஒன்று வைத்தார். "கையில புடிப்பு இல்லாத கழுத" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அன்று எனக்கு அது புரியவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அண்ணனின் இடது கையில் ஒரு சின்ன மத்தி மீன் இருந்தது. வாலைப் பிடித்து வைத்திருந்தான், இன்னும் துடித்தது. கயிற்றுப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவன் கையில் மீன் எப்படி வந்தது என்று பெரியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

படகில் ஏறினோம். பாவு ஈரச் சாக்குபோல ஒரு மூலையில் கிடந்தது. படகுக்காரர் துடுப்புப் பக்கத்தில் நின்றவர், என் கையைப் பார்த்தார். பொதுவாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கயித்த வுட்டவன் கையில தோல் உரியாதுபா. புடிச்சவன் கையிலதான் உரியும். நான் முப்பது வருசமா கயிறு புடிக்கறவன்."

"உன் வேலையப் பாரு" என்றார் பெரியப்பா.

அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் குறுக்காகத் தோல் போய்ச் சிவந்திருந்தது. பிறகு அண்ணனின் இரண்டு கைகளையும் வாங்கி விரித்துப் பார்த்தார். வெள்ளையாக, சுத்தமாக, மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது. அப்பா பெரியப்பாவை ஒரு தடவை பார்த்தார். அம்மாவிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி என் கையில் தடவினார். ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"மூடிக்கோமா" என்றார்.

காயத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அன்று சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? பாலாறு வந்துவிட்டது. நம் ஊரில் அது வெறும் மணல். ஊற்றுத் தோண்டி ஓட்டாஞ்சில்லில் மொண்டு குடித்திருக்கிறோமே, அதே பாலாறு. கடலில் சேருகிற இடத்தில் அகலமாக, பச்சையாக, தண்ணீரோடு இருந்தது. கால்வாய் அதற்குள் திறந்தது. இடது பக்கம் கடல் அலை உடைவது தெரிந்தது. பாய் பெருத்தது, படகு சாய்ந்தது, தண்ணீர் முகத்தில் அடித்தது.

"எங்க ஆத்துல தண்ணி இருக்குது" என்று நான் எழுந்து நின்று கத்தினேன். மூடிய கையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். படகுக்காரர் சிரித்தார். "புடிச்சிக்கோமா. நீ வுட மாட்டே, எனக்குத் தெரியும்."

மறுநாள் மரக்காணம். உப்பு மலை மலையாகக் குவிந்திருந்தது. அத்தை வாசலுக்கு ஓடி வந்தாள். பிள்ளையை என் மடியில் வைக்கப் போனாள். "அவகிட்ட குடுக்காத, வுட்டுடுவா" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். படகில் கிடைத்த சிரிப்பை அவர் அங்கே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து பாவை அலசினார்கள். மணல் போயிற்று, இழை பிசிறு தட்டிவிட்டது. தறியில் ஏற்றியதும் அறுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார்.

"அந்த நாடாவக் குடு."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை அண்ணனிடம் கொடுத்தார். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. தன் அண்ணனான பெரியப்பாவின் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் என் கையை மூடச் சொன்னார். இது எனக்குப் புரிய எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது. புரிந்தபோது அப்பா இல்லை.

அதற்குப் பிறகு நான் தறியைத் தொடவில்லை, தொட விடவில்லை. கல்யாணம் ஆகும் வரை அண்ணனுக்கு நூல் சுற்றிக் கொடுத்தேன். தெருவில் நான் குடம் தூக்கினால் "பாத்து, வுட்டுடப் போற" என்றீர்கள். பந்தியில் சாம்பார் வாளி எடுத்தால் "அவகிட்ட வேணாம்பா" என்றீர்கள். நீங்கள் கேலிக்குத்தான் சொன்னீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சொல்கிறேன், ஒரு தடவைகூட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் நல்ல நெசவுக்காரன் ஆனான். அதை நான் மறுக்கவில்லை. தூங்கி விழுந்தவன் உழைத்துக் கற்றுக்கொண்டான். பாராட்டட்டும், சால்வை போடட்டும். ஆனால் மலரில் இருக்கும் படத்தைப் பாருங்கள். கையில் என் நாடாவை வைத்துக்கொண்டு நிற்கிறான். கீழே "என் முதல் நாடா" என்று போட்டிருக்கிறான்.

அண்ணா, இனி உன்னிடம் பேசுகிறேன்.

மலர் கைக்கு வந்த அன்றே உன் வீட்டுக்கு வந்து தனியாகக் கேட்டேன். "சின்ன வயசு சமாச்சாரம், வுடுமா" என்றாய். நான் விட மாட்டேன் என்று அந்தப் படகுக்காரருக்கே தெரிந்திருந்தது.

அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாய். அதனால் பதிலும் ஊருக்கு முன்னால்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் வலது கையில் குறுக்காக ஓடும் வெள்ளைத் தழும்பை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அப்பா மூடச் சொன்ன கையை அன்று முழுவதும் திறந்து வைத்திருப்பேன். நீ மேடையில் நாடாவைக் கீழே வை. மைக்கைப் பிடி. உன் இரண்டு கைகளையும் எல்லோருக்கும் விரித்துக் காட்டிவிட்டுச் சொல்: கயிற்றை விட்டது யார்?